பழைய டர்ன்டேபிள்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

இசைத்தட்டை ஓட்டும் இயந்திரமான டர்ன்டேபிளைப் பயன்படுத்தியபின் விற்பவர் "நன்றாக ஓடுகிறது" என்று சொன்னால், சுழல்தட்டு சுற்றுகிறது என்பது மட்டுமே நமக்குத் தெரிய வருகிறது. வேகம் சரியா, ஊசி எந்த நிலையில் இருக்கிறது, ஊசியைத் தாங்கி நகரும் கையின் பேரிங் தளர்ந்திருக்கிறதா என்பவற்றை வாங்குபவர்தான் பார்த்து அறிய வேண்டும். 1960களிலும் 70களிலும் செய்யப்பட்ட இயந்திரங்களில் காணும் குறைகளில் பெரும்பாலானவை ரப்பர் இறுகியதாலும், கிரீஸ் உறைந்ததாலும், தொடுமுனைகள் கறுத்ததாலும் வருபவை. இவை குறைந்த செலவில் தீர்ந்துவிடும். கையின் பேரிங் அடிபட்டிருப்பதும், சுழல்தட்டின் அச்சு தேய்ந்திருப்பதும், அந்த மாடலுக்கே உரிய பாகம் ஒன்று காணாமற்போயிருப்பதும் அப்படிப்பட்டவை அல்ல. ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் காரணத்தோடு, விலை பேசும்போது அதை எப்படி எடைபோடுவது என்பதையும் இங்கே சேர்த்தே சொல்கிறேன். புதிய கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி), புதிய கேபிள் ஆகிய செலவுகளெல்லாம் குறைகள் தீர்ந்த பிறகே செய்யத் தக்கவை. வேகம் தவறிய இயந்திரத்தில் பொருத்தப்பட்ட விலையுயர்ந்த ஊசி, தவறான சுருதியைத்தான் துல்லியமாகக் கேட்கத் தரும்.

பார்க்கப் போகும்போது ஒரு கைவிளக்கும், கெட்டாலும் வருத்தமில்லாத ஓர் இசைத்தட்டும் போதும். நல்ல இசைத்தட்டைக் கொண்டுபோக வேண்டாம், ஏனெனில் உடைந்த ஊசி ஒரே ஓட்டத்தில் அதன் தடத்தைச் செதுக்கிவிடக் கூடும்.

மின்சாரம் கொடுத்தும் சுழலவில்லை

பிளக்கைச் செருகுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது அடிப்பாகத்திலோ பின்புறத்திலோ உள்ள மின்னழுத்தக் குறிப்பு. அமெரிக்காவுக்கென்று செய்தவை 120 வோல்ட்டையும், ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்தவை 100 வோல்ட்டையும் எதிர்பார்ப்பவை; நமது 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மோட்டாரோ டிரான்ஸ்ஃபார்மரோ கருகிவிடும். சில மாடல்களில் மின்னழுத்தத்தை மாற்றும் சுவிட்ச் பின்புறத்திலோ சுழல்தட்டைத் தூக்கினால் தெரியும் இடத்திலோ இருக்கும். அது இல்லாதவற்றுக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும்.

மின்சாரம் சரியாக இருந்தும் சுழலாவிட்டால் காதை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் கேட்டால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, இயக்கம்தான் தட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பெல்ட் கழன்றிருக்கலாம், அறுந்திருக்கலாம், அல்லது தார்போல உருகி ஒட்டியிருக்கலாம். உருகிய பெல்ட்டின் கறுப்பு துணியில் பட்டால் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் பொறுமையாகத் துடைத்தெடுத்த பிறகே புதியதை மாட்ட வேண்டும். பெல்ட் நன்றாக இருந்தும் மோட்டார் முனகிக்கொண்டே நின்றால், பிளக்கை எடுத்துவிட்டு மோட்டாரின் தண்டை விரலால் சுழற்றிப் பார்த்தால், உள்ளே எண்ணெய் பிசினாகி இறுகியிருப்பது கையிலேயே தெரியும். ஒலியே இல்லாவிட்டால் சுவிட்ச், ஃபியூஸ், ஒயர் என்ற வரிசையில் மல்டிமீட்டரால் தேட வேண்டும். அந்த வேலை பழக்கமில்லாதவர்கள் இதை ஓர் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

தானாகவே கை நகர்ந்து இசைத்தட்டில் இறங்கும் வகைகளில் நெம்புகோல் அசையாமல் இறுகியிருந்தால், பலம்கொடுத்துத் தள்ளக் கூடாது. நாற்பது, ஐம்பது ஆண்டுக் கிரீஸ் மெழுகாகி நெம்புகோலைப் பிடித்திருக்கிறது. தள்ளினால் உடைவது பிளாஸ்டிக் பல்சக்கரம். சுழல்தட்டைக் கழற்றி, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, உராயும் இடங்களில் மட்டும் மெல்லிய பூச்சாகப் புதியதை இட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஜெர்மனியின் டூயல் 1219, 1229 போன்றவற்றில் இன்னொரு குறை பெயர்பெற்றது: கை எழும்பும், ஆனால் இசைத்தட்டை நோக்கி நகராது, அல்லது தவறான இடத்தில் இறங்கும். உள்ளே இருக்கும் நெம்புகோலின் முனையில் மாட்டிய, நெல்மணி அளவே உள்ள பிளாஸ்டிக் உறை நொறுங்கிப்போனதே காரணம். சைக்கிள் வால்டியூபில் ஒரு சிறு துண்டு வெட்டி மாட்டியே இதைச் சரிசெய்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். விற்பவருக்கு இது தெரியாவிட்டால் "ஆட்டோமேட்டிக் வேலை செய்யாது" என்று விலையைக் குறைத்தே சொல்வார்.

அணைக்கும்போது ஸ்பீக்கரில் "டப்" என்ற ஒலி கேட்டால், சுவிட்சில் தீப்பொறியை அடக்கும் சிறு கெப்பாசிட்டர் செத்துவிட்டது. பழையதில் அச்சிட்ட அதே மதிப்பில், வீட்டு மின் இணைப்பில் நேராகப் போடத் தக்க எக்ஸ்2 வகையாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

வேகம் தவறுகிறது

இங்கே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, வேகம் ஒரே சீராகத் தவறுகிறதா, ஏறி இறங்குகிறதா என்பதுதான். சீரான தவறுக்குப் பெரும்பாலும் மின்சாரமோ புல்லியோ காரணம். ஏறி இறங்குவதற்கு ரப்பரும் எண்ணெயும் காரணம்.

அளந்து பார்க்க, சுழல்தட்டின் மேல் வைக்கும் கோடிட்ட ஸ்ட்ரோப் அட்டை போதும். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய சோக் வைத்த குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். அதன் கீழ் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும் அட்டையில் 180 கோடுகள் இருந்தால் அவை அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான அட்டையில் 216 கோடுகள் இருப்பதால், அதை இங்கே பயன்படுத்தினால் சரியான வேகமும் தவறாகவே தெரியும். பல எல்இடி விளக்குகள் இந்த மினுக்கலைத் தருவதில்லை என்பதால், அட்டை குழப்பினால் முதலில் விளக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரங்களில் அடிக்கடி காணும் குறை இது: டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டியும் பாட்டு இழுத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை மாற்றுமே தவிர அதிர்வெண்ணை மாற்றாது. ஏசி மோட்டார் உள்ள பெல்ட் வகையிலும், ரப்பர் சக்கரம் தட்டைச் சுழற்றும் ஐட்லர் வகையிலும் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பின்பற்றுவதால், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும்; 33⅓ என்பது 27.8 ஆகிவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடியவரை நான்கு கட்டையில் கேட்க நேரும். மோட்டார் தண்டில் உள்ள புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கு உரிய பெரிய புல்லியாக மாற்றுவதே தீர்வு. தோரன்ஸ், டூயல் போன்றவற்றுக்கு இரு வகைப் புல்லிகளும் இருந்தன. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதைத் தேடிப் பிடிக்கும் செலவை விலையிலேயே கழித்துக்கொள்ள வேண்டும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 எம்கே2 போன்ற குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள, மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் வகைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றுக்கு மின்னழுத்தம் பொருந்தினால் போதும்.

மெதுவாக ஓடுவதோடு வேகம் அலைந்துகொண்டும் இருந்தால், பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது புல்லியில் எண்ணெய் பட்டு வழுக்கும். ஐட்லர் வகையான காரார்ட் 301, 401, லென்கோ எல்75 ஆகியவற்றில் ரப்பர் சக்கரத்தின் விளிம்பு கண்ணாடிபோல் இறுகியிருக்கும். ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தாலே பல சக்கரங்கள் பிடிப்பைத் திரும்பப் பெறும். பெட்ரோலும் தின்னரும் ரப்பரைக் கெடுத்துவிடும். புல்லியோடு அழுந்திய நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்த சக்கரத்தில் தட்டையான பள்ளம் விழுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் "தொப், தொப்" என்ற ஒலி வரும். அதற்குத் துடைப்பது பயனில்லை; சக்கரத்துக்குப் புது ரப்பர் போட வேண்டும்.

முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடி, பிறகு சரியாகிவிடும் இயந்திரத்தில் மோட்டாரின் எண்ணெய் கெட்டியாகிவிட்டது. தண்டின் இரு முனை புஷ்களையும் துடைத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். தேங்காய் எண்ணெயோ வேறு சமையல் எண்ணெயோ கூடாது. அவை மீண்டும் பிசினாகும். துரு நீக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்க்கு மாற்று அல்ல. டைரக்ட் டிரைவில் வேகம் திடீரென்று துள்ளினால், வேகத்தைத் திருத்தும் குமிழின் உள்ளே தூசு படிந்திருக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை முழு வீச்சில் பல முறை முன்னும் பின்னும் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும்.

வேகம் சரியாக இருந்தும் வீணை, பியானோ போன்றவற்றின் நீண்ட சுரங்கள் ஊஞ்சலாடினால், அந்த ஆட்டத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். 33⅓இல் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி ஆகிறது. ஆட்டமும் 1.8 நொடிக்கு ஒரு முறை வந்தால், குறை இசைத்தட்டிலோ சுழல்தட்டிலோ இருக்கிறது. நடுத்துளை மையம் தவறிய இசைத்தட்டுகள் நாம் நினைப்பதைவிட அதிகம் என்பதால், வேறு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டே இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டும். அதைவிட விரைவாக ஆட்டம் வந்தால் ஐட்லர், புல்லி, மோட்டார் என்ற பக்கமாகத் தேட வேண்டும்.

உறுமலும் ஹம்மும்

இரண்டையும் பிரித்தறிய ஒரே சோதனை போதும்: இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசியை இசைத்தட்டிலிருந்து தூக்க வேண்டும். ஒலி உடனே நின்றால் அது ஊசி வழியாக வந்த இயந்திர அதிர்வு. நிற்காவிட்டால் அது மின்சார இரைச்சல்.

இயந்திர அதிர்வுக்கு, சுழல்தட்டின் நடு பேரிங் வறண்டிருப்பதோ மோட்டாரைத் தாங்கும் ரப்பர்கள் இறுகி உட்கார்ந்திருப்பதோ காரணமாகும். பேரிங்கைத் துடைத்து, அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட எண்ணெயைச் சில துளி விட்டுப் பார்க்கலாம். எண்ணெய் விட்ட பிறகும் சுழல்தட்டின் விளிம்பைப் பிடித்து அசைக்கும்போது பக்கவாட்டில் ஆடினால் அச்சு தேய்ந்துவிட்டது. அந்த இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவதே மேல்.

மின்சார ஹம் இரு பக்கமும் சமமாக இருந்து, கையின் உலோகத்தை விரலால் தொட்டால் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் எர்த் ஒயர் ஆம்ப்ளிஃபயரின் திருகில் மாட்டப்படவில்லை, அல்லது உள்ளே அறுந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஹம் வந்தால் அந்தப் பக்கத்து ஒயரின் உறையிழை முறிந்திருக்கும். கை இசைத்தட்டின் நடுப்பகுதியை நோக்கிப் போகப் போக ஹம் வளர்ந்தால், கார்ட்ரிட்ஜின் சுருள் மோட்டாரின் காந்தப்புலத்தை வாங்குகிறது என்று பொருள். கிராடோ கார்ட்ரிட்ஜ்கள் சில இயந்திரங்களில் இப்படி ஹம் செய்வதற்குப் பேர்போனவை. அங்கே எவ்வளவு ஒயர் மாற்றினாலும் பயனில்லை. கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

ஆம்ப்ளிஃபயரில் இடது, வலது பிளக்குகளை இடம் மாற்றிச் செருக வேண்டும். ஒலியற்ற பக்கம் மாறாவிட்டால் குறை ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது, டர்ன்டேபிளைத் தொட வேண்டியதில்லை. மாறினால் அடுத்தது ஹெட்ஷெல், அதாவது கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பகுதி: அதைக் கழற்றி, தொடுமுனைகளை ஆல்கஹாலால் துடைத்து மாட்டினாலே பாதி இயந்திரங்கள் பேச ஆரம்பிக்கும். பிறகு கார்ட்ரிட்ஜின் பின்புறத்து நான்கு மெல்லிய ஒயர்களைப் பார்க்க வேண்டும். வலது பக்கத்துக்குச் சிவப்பும் பச்சையும், இடது பக்கத்துக்கு வெள்ளையும் நீலமும் என்பது பொது வழக்கம். இவற்றில் பச்சையும் நீலமும் அந்தந்தப் பக்கத்தின் எதிர்முனைகள் (–). ஊசிக் காப்பை மாட்டி, இடுக்கியால் ஒயரைப் பிடிக்காமல் அதன் உலோக உறையைப் பிடித்தே இழுக்க வேண்டும். டூயல் போன்ற தானியங்கி வகைகளில் கை நகரும்போது ஒலியை அடக்கும் சுவிட்ச் ஒன்று அடியில் இருக்கிறது. அது கறுத்துப்போனாலும் ஒரு பக்கம் ஊமையாகும்.

ஒலி சன்னமாக, அடியில்லாமல் கேட்கிறது

இது பெரும்பாலும் குறையே அல்ல, ஃபோனோ பிரிஆம்ப் இல்லாததன் விளைவு. இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவது ஆர்ஐஏஏ முறை. அதைத் தலைகீழாக்கித் தரவும், காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்கவும் பிரிஆம்ப் வேண்டும். எதிர்மாறாக, பிரிஆம்ப் உள்ளேயே உள்ள புதிய வகையை மறுபடியும் ஃபோனோ வாயிலில் செருகினால் ஒலி குமுறி உடையும். பழைய சூட்கேஸ் வகைகளில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் வேறு இனம். அதன் வெளியீடு பெரிது, ஃபோனோ வாயிலுக்கு அது பொருந்தாது.

கரகரப்பும், "ஸ" ஒலி சிதைவதும்

இசைத்தட்டு தேய்ந்ததா, ஊசி தேய்ந்ததா என்று தெரிய, அதிகம் ஓடாத ஓர் இசைத்தட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லா இசைத்தட்டிலும் "ஸ", "ச" ஒலிகள் துப்பினால் ஊசியே காரணம். ஆனால் கடைசிப் பாடலில் மட்டும் துப்பினால், கார்ட்ரிட்ஜைப் பொருத்திய கோணம் தவறியிருக்கிறது. 12 அங்குல இசைத்தட்டின் வெளி ஓரத்தில் ஊசியின் கீழ் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது, உள்முனையில் அது 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலி அங்கே நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் சிறு கோணப் பிழையும் கேட்டுவிடும்.

ஆகவே ஊசி வாங்குவதற்கு முன், அது தடத்தில் அழுந்தும் எடையைப் பார்க்க வேண்டும். கை உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னால் உள்ள எதிரெடையைத் திருகிக் கை கிடையாக மிதக்கும்படி செய்து, எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, பிறகு எடையையும் வளையத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன கிராம் வரை திருக வேண்டும். குறைந்த எடை இசைத்தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை தவறானது. எடை போதாத ஊசி தடத்தின் சுவர்களில் மோதிக் குதித்து, சற்றே கூடிய எடையைவிட அதிகக் கேடு செய்யும். அடுத்தது கார்ட்ரிட்ஜின் இடம். கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் பார்க்க உதவும் பேர்வால்ட் முறை அட்டையில் நடுமையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்க வேண்டும். அட்டையை வீட்டில் அச்சிடுபவர்கள் ஸ்கேலால் அளந்து பார்த்தபின் பயன்படுத்துவது அவசியம், ஏனெனில் அச்சுப்பொறி அளவைச் சுருக்கியிருந்தால் எல்லாம் வீண்.

பெட்டி பிரிக்காத பழைய ஊசி என்று விற்பதை நம்பி அதிக விலை தர வேண்டியதில்லை. வைரம் கெடாது, ஆனால் அதன் தண்டைத் தாங்கும் ரப்பர் பெட்டிக்குள்ளேயே இறுகிவிடும். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திய பிறகு அதன் பழைய ஊசிகளின் விலை ஏறியிருப்பது இந்த உண்மையை மாற்றவில்லை.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டை, 33⅓இல் ஓடும் எல்பிக்கு உரிய ஊசியால் ஓட்டினாலும் இதே கரகரப்பு வரும். எல்பி ஊசியின் நுனி ஏறத்தாழ 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78க்கு வேண்டியது 3 மில். சிறிய ஊசி தடத்தின் அடியில் கிடந்து தூசியைத்தான் வாசிக்கும். அந்த ஷெல்லாக் தட்டுகளை ஆல்கஹாலால் துடைப்பவர்கள் தட்டையே கரைத்துவிடுவார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஊசி தாண்டுகிறது, சறுக்குகிறது

ஒரே இசைத்தட்டில் ஒரே இடத்தில் என்றால் அழுக்கோ கீறலோதான். எல்லாவற்றிலும் தாண்டினால், கையைப் பூஜ்ய எடையில் மிதக்கவிட்டு மெல்ல ஊதிப் பார்க்க வேண்டும். எந்த இடத்திலும் தயங்காமல் நகர்ந்தால் பேரிங் நலம். ஓரிடத்தில் தடுக்கினால், கைக்குக் கீழே செல்லும் ஒயர் இறுகியிருக்கலாம், அல்லது தானியங்கியின் நெம்புகோல் உரசலாம், இவை தீரும். ஹெட்ஷெல்லைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைக்கும்போது பேரிங்கில் கடகடப்பு தெரிந்தால், அது கையிலிருந்து தவறி விழுந்த இயந்திரமாக இருக்கலாம், வாங்க வேண்டாம். யாராவது நடக்கும்போது மட்டும் தாண்டினால் குறை தரையிலும் மேசையிலும் இருக்கிறது. ஸ்பிரிங் தாங்கிய தோரன்ஸ் டிடி 160 போன்றவற்றைச் சுவரில் பதித்த பலகையில் வைப்பதே பழைய தீர்வு.

மேம்படுத்திய பிறகு வந்த குறைகள்

புதிய கார்ட்ரிட்ஜ் போட்டபின் ஸ்பீக்கரின் பெரிய கூம்பு பாட்டே இல்லாத இடத்திலும் முன்னும் பின்னும் அலைந்தால், கையும் கார்ட்ரிட்ஜும் பொருந்தவில்லை. இரண்டும் சேர்ந்த இயல்பு அதிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். கையின் செயல்நிறையையும் (ஊசி உணரும் நிறை) கார்ட்ரிட்ஜ், திருகுகளின் எடையையும் கூட்டி, அதை, ஊசித் தண்டு எவ்வளவு எளிதில் வளைகிறது என்று சொல்லும் கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுத்தால் அந்த அதிர்வு கிடைக்கும். 12 கிராம் கையில் 6.5 கிராம் கார்ட்ரிட்ஜும் 15 நெகிழ்வும் என்றால் விடை 9.5 ஹெர்ட்ஸ், இது நல்ல பொருத்தம். பல ஜப்பானிய நிறுவனங்கள் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்வதால், அந்த எண்ணை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டே கணக்கிட வேண்டும். கனமான பழைய கையில் மிக நெகிழ்வான கார்ட்ரிட்ஜைப் போடுவதுதான் இந்தக் குறைக்கு வழக்கமான காரணம். முதல் மாற்றத்துக்கு ஆடியோ டெக்னிகா விஎம்95இ போன்ற நடுத்தரக் கார்ட்ரிட்ஜே போதும். அது 2 கிராமில் ஓடும். பின்னாளில் ஊசியை மட்டும் மாற்றி மேலே போகலாம். 78க்கு உரிய ஊசியும் அதே உடலில் பொருந்தும்.

அலைச்சல் இல்லாமல், ஒலி மட்டும் கூர்மையாகக் காதைக் குத்தினால், புது ஊசியைக் குறை சொல்வதற்கு முன் கேபிளையும் பிரிஆம்ப்பையும் பார்க்க வேண்டும். காந்த வகைக் கார்ட்ரிட்ஜுக்குக் கேபிளும் பிரிஆம்ப்பும் சேர்ந்து தரும் கெப்பாசிட்டன்ஸ், தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். நீளமான, தடித்த "மேம்பட்ட" கேபிள் அந்த எல்லையைத் தாண்டவைத்து உயர் ஒலியில் ஒரு மேட்டை எழுப்பிவிடும். பழைய குட்டைக் கேபிளை மீண்டும் மாட்டிக் கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை.